ஏழு நிமிடமும் எட்டாக மடித்த தாளும்

பள்ளியில் பேச்சுப்போட்டி என்றால் என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிக்கொள்வார்கள். நான்கு பக்கம் எழுதுவேன், மனப்பாடம் செய்வேன், கையை எந்த வரியில் உயர்த்துவது என்று ஓரத்தில் குறித்து வைப்பேன். மேடையேறி அதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வருவேன். கைத்தட்டல் எங்கே வரும் என்பதுகூட முன்கூட்டியே தெரியும். அந்தத் தெம்பில்தான் கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரமே டிபேட் கிளப் வாசலில் போய் நின்றேன்.

முதல் சுற்றிலேயே நான்கு அணிகளில் நான்காவது இடம்.

16 வயதுக்குக் கீழானவர்களுக்குச் சமூக ஊடகத்தைத் தடை செய்ய வேண்டுமா என்பது தலைப்பு. என் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. குரல் ஏறி இறங்கியது, பின்வரிசையில் யாரோ "அட" என்றதுகூடக் காதில் விழுந்தது. நடுவர் முடிவைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உங்களுக்கு முன்னாடி பேசினவங்க என்ன சொன்னாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவர் பேசிய நேரம் முழுக்க நான் என் முதல் வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஏதோ உளறினேன். நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த அணிக்குப் போய்விட்டார்.

எங்கள் கிளப்பில் பழகியது பிரிட்டிஷ் பார்லிமென்ட்டரி முறை. 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி இன்று நடப்பதும் இந்த முறையில்தான். ஓர் அறையில் நான்கு அணிகள், அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கு 7 நிமிடம். இரண்டு அணிகள் ஆதரவு, இரண்டு அணிகள் எதிர்ப்பு. எந்தப் பக்கம் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கலில் விழுவதுதான். மோஷன், அதாவது விவாதத் தலைப்பு, அறிவித்து 15 நிமிடத்தில் முதல் ஆள் எழுந்தாக வேண்டும். அந்த 15 நிமிடத்தில் இணையம் பார்க்கக் கூடாது, ஜோடியைத் தவிர வேறு யாரிடமும் பேசக் கூடாது. முதலிடத்துக்கு 3 புள்ளி, அப்புறம் 2, 1, கடைசி அணிக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தோடுதான் நான் ஆரம்பித்தேன்.

இதில் புதியவர்களுக்குப் புரிய நாளாகும் ஒரு விஷயம் உண்டு. நம் பக்கத்திலேயே நிற்கும் இன்னோர் அணியும் நமக்குப் போட்டிதான். அவர்கள் சொல்வதை மறுத்துப் பேசக் கூடாது. மறுத்தால் முதுகில் குத்திவிட்டதாகக் கணக்கு. ஆனால் அவர்களைவிட மேலே வந்தாக வேண்டும். ஆமோதித்துக்கொண்டே ஜெயிப்பது எப்படி என்று பள்ளி மேடை எதுவும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

நடுவரின் கேள்வி இரவெல்லாம் குடைந்தது. மறுநாள் கிளப்பில் ஒரு சீனியர் அக்காவைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் விளக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். பெரிய தாள், நீளவாக்கில் எட்டாக மடித்துப் பிரித்தது. மடிப்புக் கோடுகளே பத்திகள், ஒரு பேச்சாளருக்கு ஒரு பத்தி. மற்றவர்கள் சொன்னது நீல மையில், அதற்கு இவர் சொல்ல நினைத்த பதில் சிவப்பில். இரண்டாவது பத்தியிலிருந்து ஐந்தாவதற்கு ஓர் அம்பு, மூன்றாவதிலிருந்து நான்காவதற்கு இன்னொன்று. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அம்பு எதுவும் கிளம்பவில்லை. அதைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டிருந்தார்.

"இது என்னக்கா?"

"அதுக்கு யாரும் பதிலே சொல்லல. நான் எந்திரிச்சதும் அதைத்தான் பேசினேன். ஜெயிச்சிட்டோம்."

அப்புறம் ஒன்று சொன்னார், அப்போது எரிச்சலாக இருந்தது: "நீ ஒரு மாசத்துக்குப் பேசவே வேண்டாம். பின்னாடி உக்காந்து எழுது."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன். அன்றைய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் இரண்டு பத்திகளில் எழுத்து ஓரம்வரை வழிகிறது. மூன்றாவதில் பாதி. ஐந்தாவதிலிருந்து வெள்ளைத் தாள். கை வலித்ததால் நின்றுபோகவில்லை. அவர்கள் பேசுவதை நான் வாக்கியமாக எழுதிக்கொண்டிருந்தேன், அதனால் பின்தங்கிப் பின்தங்கி ஒரு கட்டத்தில் கைவிட்டுவிட்டேன். போகப்போக ஒரு வழி பிடிபட்டது. வாதத்தின் முடிவை இரண்டு சொல்லில் எழுதுவேன். "இதனால் அது" என்பதற்கு ஓர் அம்பு. காரணம் சொல்லாமல் தாண்டிப்போனால் பக்கத்தில் ஒரு "ஏ?", அதாவது "ஏன்?". உதாரணத்தை எழுதவே மாட்டேன், 'உ' என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். மூன்றாவது வாரம் எட்டுப் பத்தியும் நிறைந்தன. அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது: எட்டுப் பேரில் ஐந்து பேரின் பத்தி "ஏ?"க்களால் நிரம்பியிருந்தது. மேடையில் கேட்டபோது பிரமாதமாக இருந்த பேச்சுகள் அவை.

இதைப் படித்துவிட்டு யாராவது ஒன்றே ஒன்றைச் செய்து பார்க்கப்போகிறார்கள் என்றால் இதைச் செய்யட்டும். யூடியூபில் பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றுகள் நிறையக் கிடைக்கின்றன. தாளை மடித்து வைத்துக்கொண்டு, நிறுத்தாமல், பின்னால் ஓட்டாமல் எழுதுங்கள். நிறுத்தி நிறுத்தி எழுதினால் பயனில்லை, அறையில் யாரும் உங்களுக்காக நிறுத்த மாட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பேச அனுமதி கிடைத்தது. கல்லூரிகளில் வருகைப்பதிவுக் கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பது மோஷன், நாங்கள் ஆதரவு. பயிற்சிச் சுற்று என்பதால் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாணவர்களுக்குச் சுதந்திரம் கிடைக்கும்" என்றேன்.

"சரி, கிடைச்சா?"

"பிடித்த வகுப்புக்குப் போவார்கள்."

"ஏன் போவாங்க? ரூம்ல தூங்கலாமே."

மாட்டிக்கொண்டேன். அவர் விடவில்லை. கட்டாயம் இருக்கும்போது வகுப்பறை எப்படி இருக்கும் என்று கேட்டார். நிறைந்திருக்கும். நன்றாக நடத்தினால்? நிறைந்திருக்கும். மோசமாக நடத்தினால்? அப்போதும் நிறைந்திருக்கும். அந்த இடத்தில் சட்டென்று பொறி தட்டியது. கட்டாயம் இருக்கிறவரை எந்த வகுப்பு உருப்படியானது என்று துறைக்கும் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது. கட்டாயத்தை எடுத்துவிட்டால் காலி பெஞ்சே செய்தி சொல்லிவிடும். பாதி அறை காலியாக இருந்தால் துறைத்தலைவர் கேட்பார், நடத்துபவர் பாடத்தைத் திருத்திக்கொள்ளப் பார்ப்பார். சுதந்திரம் என்ற பெரிய வார்த்தையை எங்கேயோ விட்டுவிட்டு, யார் எதைப் பார்த்து என்ன செய்வார் என்ற சின்னச் சின்னப் படிகளுக்கு வந்திருந்தேன். டிபேட்காரர்கள் இதை மெக்கானிசம் என்பார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் சரி, நான் பழகியது இவ்வளவுதான்: எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மூன்று முறை "ஏன்?" கேட்பது. மூன்றாவது "ஏன்?"இல் பெரும்பாலும் வாதம் உடைந்து விழும், அல்லது அங்கேதான் நல்ல வாதமே கிடைக்கும்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? "கட்டாயம் இல்லாவிட்டால் முதல் வருடத்திலேயே வழி தவறிப்போகும் மாணவன் ஒருவன் இருக்கிறான், அவனைப் பிடித்து நிறுத்துவது இந்த ஒரு விதிதான்" என்றார்கள். "அதெல்லாம் நடக்காது" என்றேன் நான். இதைவிட மட்டமான பதில் கிடையாது. நடக்கும் என்று அறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும், நடுவருக்கும் ஒரு நண்பன் அப்படி இருந்திருப்பான்.

இப்போது அதே இடத்தில் நின்றால் "அப்படியே வைத்துக்கொள்வோம்" என்றுதான் ஆரம்பிப்பேன். அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்த மாணவனைக் காப்பாற்ற வருகைப்பதிவு நல்ல கருவியா? அவன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வழி தவறிப்போவதைத்தானே இன்று பார்க்கிறோம்? அதையும் தாண்டி, எத்தனை பேருக்கு இழப்பு, எவ்வளவு ஆழமான இழப்பு, பிறகு சரிசெய்துகொள்ள முடியுமா என்று இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துக் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நடுவர் தாமாக ஒரு தராசை எடுத்துக்கொள்வார். அதில் எந்தத் தட்டு இறங்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. நான் தோற்ற சுற்றுகளில் பாதிக்குமேல் இந்த இடத்தில் தோற்றவை. வாதம் இருந்தது, அது எதிராளியின் வாதத்தைவிட ஏன் முக்கியம் என்று சொல்ல 30 விநாடி ஒதுக்கவில்லை.

இடையீட்டுக் கேள்விக்கு, அதாவது பிஓஐக்கு வருவோம். பேச்சின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பாதுகாப்பானவை. நடுவிலுள்ள 5 நிமிடமும் எதிர்த்தரப்பிலிருந்து யாராவது எழுந்து கையை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். ஏற்பதும் மறுப்பதும் பேசுபவர் விருப்பம், ஏற்றால் கேட்பவருக்கு 15 விநாடி. ஒன்றைக்கூட ஏற்காமல் போனால் பயந்துவிட்டதாகத் தெரியும். ஆரம்பத்தில் நான் நல்லவனாகக் காட்டிக்கொள்வதற்காக யார் எழுந்தாலும் "சொல்லுங்க" என்றுவிடுவேன். ஒருமுறை ஐந்தரை நிமிடத்துக்கு மேல், வாதத்தின் பாதியில் நிற்கும்போது ஒரு கேள்வியை ஏற்றேன். அந்தப் பெண் மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "நீங்க இப்ப சொன்னது உண்மைன்னா, உங்க முதல் பேச்சாளர் சொன்ன திட்டம் எதுக்கு?" அவர் உட்கார்ந்த பிறகு அறையில் இருந்த அமைதி இன்னும் நினைவிருக்கிறது. என் ஜோடி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மீதி நேரம் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். ஒரு வாதம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன், மூன்றாவது அல்லது நான்காவது நிமிடத்தில், நானாக நிறுத்தி ஒன்றை ஏற்பேன். மற்ற நேரத்தில் வாக்கியத்தை உடைக்காமல் கையால் உட்காரச் சொல்லிவிடுவேன். கேட்கும் பக்கத்தில் இருக்கும்போது, ஆமென்றாலும் இடிக்க வேண்டும், இல்லையென்றாலும் இடிக்க வேண்டும், அப்படிப்பட்ட கேள்வியாகத் தேடுவேன். எழுந்து நிற்பதற்கு முன் கேள்வியைத் தாளில் எழுதிவிடுவது நல்லது. எழுதினால்தான் அது 15 விநாடியில் அடங்காது என்று தெரியும்.

ஜோடியைப் பற்றி எழுதாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஆனால் எழுதினால் அவன் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவான். தயாரிப்பு நேரம் 15 நிமிடத்தில் நாங்கள் 9 நிமிடம் வாக்குவாதம் செய்த நாட்கள் உண்டு. அவனுக்கு எதையும் கொள்கையிலிருந்து தொடங்க வேண்டும், எனக்கு நடைமுறையிலிருந்து. கடைசியில் கடிகாரத்தைத்தான் நடுவராக்கினோம். முதல் 2 நிமிடம் இருவரும் பேசாமல் தனித்தனியே எழுதுவது. அப்புறம் தாளை மாற்றிக்கொண்டு படிப்பது. இரண்டு தாளிலும் இருப்பது தானாகவே முதல் வாதம். ஒருவன் தாளில் மட்டும் இருந்தால் அவன் 1 நிமிடத்தில் மற்றவனை நம்பவைக்க வேண்டும், முடியாவிட்டால் அது போச்சு. பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. கடைசி 2 நிமிடம், எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம் என்னவாக இருக்கும் என்று அவர்களாகவே மாறி யோசிப்பது. இந்தக் கடைசிப் பழக்கம் எங்களுக்குத் தந்த புள்ளிகளை எண்ணி மாளாது.

படிப்பைப் பொறுத்தவரை, நான் முதலில் புள்ளிவிவரங்களைத்தான் சேகரித்தேன். நோட்டு முழுக்க எண்கள். அதில் பத்தில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. நாட்டு நடப்பு தெரிந்த, ஆனால் எந்தத் துறையிலும் நிபுணர் அல்லாத ஒரு சாதாரண வாக்காளரைப் போல் நடுவர் கேட்க வேண்டும் என்பது இந்த முறையின் விதி. அவரிடம் ஓர் எண்ணை வீசினால் அது உண்மையா பொய்யா என்று அவரால் அங்கே சரிபார்க்க முடியாது. அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கினால் புரிந்துகொள்வார். அதனால் நோட்டை மாற்றினேன். தினமும் செய்தித்தாளில் ஒரு செய்தி, அதற்கு மூன்றே கேள்விகள்: இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், இவ்வளவு நாள் இது ஏன் மாறாமல் இருந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் உலகம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும்.

இரண்டாம் வருடம், டிபேட் ஓரளவு கைவந்தவுடன், தயாரித்துப் பேசும் போட்டிகளுக்கும் போனேன். பழைய கோட்டைதானே என்ற நினைப்பு. அங்கே வேறு அடி காத்திருந்தது.

டிபேட் பழகியதில் என் பேச்சு வேகமாகியிருந்தது, கண் தாளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நண்பன் ஒருவனைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொன்னேன். அதை முதலில் ஒலியில்லாமல் பார்த்தேன். இடுப்புக்கு மேல் ஒரு மனிதன் பேசிக்கொண்டிருக்கிறான், இடுப்புக்குக் கீழே இன்னொருவன் முன்னும் பின்னும் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறான். வலது கட்டைவிரல் நகத்தால் ஆள்காட்டி விரலைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. அப்புறம் படத்தை மூடிவைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கழகத்தின் கூட்டங்களில் இழுவைச் சொற்களை எண்ணுவதற்கென்றே ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். அந்த வேலையை நண்பனிடம் கொடுத்தேன். கோடு போட்டுக்கொண்டே வந்தான். 7 நிமிடத்தில் 31 "பாத்தீங்கன்னா". "ஒரு கட்டத்துக்கு மேல நீ என்ன பேசறேன்னே கேக்கலடா, அதை மட்டும்தான் எண்ணிட்டிருந்தேன்" என்றான்.

"பாத்தீங்கன்னா"வை விட வேண்டும் என்று முயன்றபோது அது "அதாவது" ஆக மாறியது. அதை விரட்டினால் "வந்து" வந்தது. சொல்லை நிறுத்த முடியாது, அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் என்று புரிய ஒரு பருவம் ஆனது. நான் வைத்தது மௌனம். வாக்கியம் முடிந்ததும் வாயை உண்மையாகவே மூடி, மூக்கால் மூச்சிழுத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது. நமக்கு அது ஒரு யுகம் போலத் தெரியும். பதிவில் கேட்டால் ஒன்றரை விநாடிகூட இருக்காது.

மூச்சைப் பற்றி ஒரு பழைய கதை. கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருப்பது பலருக்கும் தெரியும். மூச்சு வாங்க ஓடிக்கொண்டும் மேடேறிக்கொண்டும் பேசிப் பழகினார் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். கூழாங்கல்லை விட்டுவிட்டு இதை முயன்றேன். விடுதியில் மூன்று மாடிப் படிகளையும் ஏறிக்கொண்டே என் தொடக்கப் பத்தியைச் சொல்வேன். முதல் நாள் முதல் மாடியிலேயே வாக்கியம் அறுந்தது. நீண்ட வாக்கியங்கள் எனக்கு ஒத்துவராது என்று படிக்கட்டில்தான் கண்டுபிடித்தேன். எழுதியதில் நான்கில் ஒரு பங்கை வெட்டினேன், பேச்சும் நன்றாகிவிட்டது. வெளியே போகாமல் பயிற்சி செய்வதற்காக டெமாஸ்தனிஸ் பாதித் தலையை மழித்துக்கொண்டார் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அதை மட்டும் முயலவில்லை.

மறதி இன்னொரு பூதம். ஒரு போட்டியில் நான்காவது நிமிடம் அடுத்த சொல் வரவில்லை. சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தால் ஒரு கண்ணி அறுந்ததும் முழுச் சங்கிலியும் கீழே விழும். இப்போது நான் பத்திகளின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனப்பாடம் செய்கிறேன். நடுவில் என்ன நடந்தாலும் ஏறிக்கொள்ள அடுத்த நிறுத்தம் ஒன்று இருக்கிறது. குறிப்பு கொண்டுபோவதாக இருந்தால் மெல்லிய தாளில் வேண்டாம். கை இலேசாக நடுங்கினால்கூடத் தாள் படபடவென்று ஆடி அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும், அதைப் பார்த்து நமக்கு இன்னும் நடுங்கும். கெட்டி அட்டையில் எழுதினால் இந்த நாடகம் இல்லை. கால் நடுங்கினால் செருப்புக்குள் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி அழுத்துவேன், எனக்கு அது கேட்கிறது.

என்னை வெளியேற்றிய போட்டி ஒன்றும் உண்டு. டோஸ்ட்மாஸ்டர்ஸ் பாணி நேரக்கணக்கு: 5 முதல் 7 நிமிடம், இரண்டு பக்கமும் 30 விநாடி சலுகை. வீட்டில் பேசியபோது சரியாக 6 நிமிடம் 50 விநாடி வந்தது. மேடையில் எதிர்பார்க்காத இடங்களில் எல்லாம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன், மகிழ்ச்சியில் ஒரு நகைச்சுவையைக் கூடுதலாகவும் சேர்த்தேன். 7 நிமிடம் 30 விநாடியைத் தாண்டிவிட்டது. தகுதி நீக்கம். அரங்கில் அன்று அதிகம் சிரிக்கவைத்தவன் பட்டியலிலேயே இல்லை. அப்போதிலிருந்து தயாரித்த பேச்சு எதுவும் 6 நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன், மிச்சம் சிரிப்புக்கு. 1858இல் அமெரிக்க செனட் பதவிக்குப் போட்டியிட்ட லிங்கனும் டக்ளஸும் ஏழு ஊர்களில் வாதிட்டபோது முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம், அடுத்தவருக்கு 90, மறுபடி முதலாமவருக்கு 30 என்று ஒதுக்கியிருந்தார்கள். அவர்களுக்கென்ன, கேட்க ஆள் இருந்தது.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டியில் எங்கள் கிளப்பிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் நடுவர் ஒருவர் "கொஞ்சம் ஆவேசத்தைக் குறைச்சுக்கோங்க" என்றார். அதே அறையில் அவரைவிட உரக்கப் பேசிய பையனுக்கு "நல்ல தன்னம்பிக்கை" என்று பாராட்டு. நானும் அங்கேதான் இருந்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். இதுபோன்ற புகார்களைக் கேட்பதற்கென்றே பெரிய போட்டிகளில் ஈக்விட்டி குழு ஒன்று இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. போட்டிக்குப் போகும்போது முதல் நாள் அறிவிப்பில் அந்தக் குழுவில் யார் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவரிடம் கருத்துக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "நாங்க எப்படிப் பண்ணோம்?" என்று கேட்டால் "நல்லா இருந்தது, இன்னும் ஆழம் வேணும்" என்பார்கள். எல்லா அறைகளிலும் எல்லோருக்கும் சொல்லும் வரி அது. "எங்களுக்கும் இரண்டாவது அணிக்கும் வித்தியாசம் எந்த வாதத்தில் வந்தது?" என்று கேட்டால் அவர் தன் தாளைப் புரட்டியாக வேண்டும். புரட்டினால் உண்மையான பதில் வரும்.

இதை நான் தெரிந்துகொண்டது மூன்றாம் வருடம் நடுவராக உட்கார ஆரம்பித்த பிறகுதான். மூன்று வருடம் பேசியதில் கற்றதைவிட அதிகமாக அந்த ஒரு வருடம் கற்றேன் என்றால் மிகையில்லை. நாள் முழுக்கக் கேட்டு, ஐந்தாவது சுற்றில் காது மரத்துப்போன ஆளாக உட்கார்ந்து பாருங்கள். "என்னிடம் இரண்டு வாதம் இருக்கிறது, முதலாவது இது" என்று ஒருவர் தொடங்கினால் அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். நன்றாகப் பேசுகிறவர்களின் வாதம்கூட, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாததால் என் தாளில் பாதிதான் ஏறியது. ஒவ்வொரு பேச்சாளருக்கும் தனியே போடும், 50 முதல் 100 வரை போகும் மதிப்பெண் அட்டவணையில் 75 என்பது சராசரி. அந்த 75க்கும் 78க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எண்ணைப் போடும் கைக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அழகான சொற்கள் அங்கே இல்லை. நான்காவது பேச்சாளர் சொன்னதை ஏழாவது பேச்சாளர் ஞாபகம் வைத்திருந்தாரா என்பதே இருந்தது.

கல்லூரி முடிந்து அறையைக் காலி செய்தபோது அந்த மடித்த தாள்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. அம்மா பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டப் பார்த்தார், பிடுங்கி வைத்துக்கொண்டேன். எப்போதாவது ஒன்றை எடுத்துப் பிரித்தால் எந்த அறை, எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம், யார் முறைத்தார்கள் எல்லாம் வந்துவிடும். நாங்கள் தோற்ற ஓர் அரையிறுதியின் தாளும் அதில் இருக்கிறது. ஆறு பத்திகளும் நெருக்கமாக, நீலமும் சிவப்புமாக, அம்புகளோடு. ஏழாவது பத்தியில் பாதிச் சொல் வரை மை மங்கிக்கொண்டே போய் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஜோடியின் கையெழுத்தில், பென்சிலால்: "இன்னொரு பேனா கொண்டு வரமாட்டியா?"

எங்களை வீழ்த்திய வாதம் ஏழாவது பேச்சாளருடையது.